மாப்பிள்ளைத் தட்டு

2 ஜனவரி 1932, சனி

பந்தயத்தில் மூன்றாவதாக வந்தோம். சுக்கானில் ஜபருல்லா, பாய்க்கயிற்றில் நான். அவன் கத்தினான், நான் இழுத்தேன். கரையேறியதும் படகுச் சங்கத்துக் கொட்டகையில் கோப்பி ஊற்றிக் கொடுத்தார்கள். குடித்தேனா என்று நினைவில்லை.

"மூணாவதா வர்றதுக்குப் படகு எதுக்கு? நீந்தியே வந்திருக்கலாம்லா" என்று ஜபருல்லா பாயை உதறினான். தோற்றால் அவனுக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. என் மனைவி ஆசியா பீவியும் அப்படித்தான் சொல்வாள், தம்பியைப் பற்றி.

மனைவி என்று இன்னும் எழுதலாமா? அவள் மௌத்தாகி மூன்று மாதம் ஆகப்போகிறது. மலைக்காய்ச்சல். எல்லோரும் அழுதார்கள். எனக்கு வரவில்லை. இப்போதும் வரவில்லை.

6 ஜனவரி

அலுவலகம். தொங்காங் படகுகளின் சரக்குச் சீட்டுகள். தூக்கம்.

9 ஜனவரி, சனி

நோன்பு வருவதால் இதோடு பந்தயம் நிறுத்தம். பெருநாள் கழிந்த பிறகு கோப்பைப் பந்தயம் என்று செயலாளர் ஷேக் அலாவுதீன் அறிவித்தார். வெள்ளைக்காரர் சங்கத்தில் நம்மைச் சேர்க்க மாட்டார்கள். ஆகவே துறைமுகத்தில் கணக்கு எழுதும் என் போன்ற கிராணிகளும் கடைக்காரர்களும் சேர்ந்து போட்ட சங்கம் இது. கூரை அத்தாப்பு ஓலை, படகு ஆறு. ஒரு படகுக்கு இரண்டு பேர். வருடத் தொடக்கத்தில் பேர் கொடுத்துவிட்டால் வருடம் முழுதும் அதே ஜோடிதான், மாற்றக் கூடாது. ஒருவன் வராவிட்டால் மற்றவனும் கரையில் உட்கார வேண்டும்.

கோப்பை என்றதும் ஜபருல்லாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்கு எதுவும் தோன்றவில்லை.

7 பிப்ரவரி

நாளை பெருநாள். மாமியார் வீட்டிலிருந்து ஒரு தட்டு வந்தது. கைலி, சட்டை, தொப்பி, அத்தர், மேலே பூச்சரம். வாங்கி நாற்காலியில் வைத்தேன்.

8 பிப்ரவரி, பெருநாள்

நாற்காலியில் இருந்ததை உடுத்திக்கொண்டு பள்ளிக்குப் போனேன். மற்றதெல்லாம் துவைக்காமல் கிடக்கிறது. தொழுகை முடிந்து ஆளாளுக்கு வந்து இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள். ஏன் இவ்வளவு பாசம் என்று புரியவில்லை.

அலாவுதீன் காதோரம் சொன்னார்: "நல்ல காரியம் பண்ணினீங்க கமாலுதீன். மூத்தவ போனாலும் எளையவ இருக்கா. வீடு வெளங்கட்டும்."

அப்போதுதான் உறைத்தது. பூச்சரம் வைத்த தட்டு புது மாப்பிள்ளைக்கு மட்டும்தான் வரும். வேண்டாமென்றால் தொடாமல் திருப்பி அனுப்ப வேண்டும். உடுத்திக்கொண்டு ஊர் முன்னால் நின்றால் பெண் எடுக்கச் சம்மதம் என்று அர்த்தம். இது தெரியாத ஆளா நான்? கல்யாணத்துக்கு முன்னால் ஆசியா வீட்டிலிருந்து வந்த தட்டை உடுத்திக்கொண்டு இதே பள்ளியில்தானே நின்றேன்.

சரி, நடக்கிறது நடக்கட்டும் என்றுதான் முதலில் தோன்றியது. யாரைக் கட்டினால் என்ன. எதுவானால் என்ன.

10 பிப்ரவரி

மாமியார் வீட்டில் விருந்து. பிரியாணியில் ருசி தெரியவில்லை. கை கழுவப் பின்கட்டுக்குப் போனேன். திரைக்கு அந்தப் பக்கம் நூர் பீவி நின்றாள், ஆசியாவின் தங்கை. குரல்தான் வந்தது.

"மச்சான், அக்கா சேலையெல்லாம் இனி எனக்குத்தான்னு உம்மா மடிச்சு வச்சிட்டாங்க. அதைக் கட்டிக்கிட்டு உங்க முன்னால நிக்க என்னால ஆகாது. நான் வேணாம்னா வாப்பா தோலை உரிச்சிடுவாரு. நீங்க சொன்னா கேப்பாங்க."

"ம்" என்றேன்.

"நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

அதற்கும் "ம்" என்றேன். 

12 பிப்ரவரி

சொல்லவில்லை. மாமனார் கடைக்கு இரண்டு தடவை போனேன். அவர் தேதி பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் சத்தம் வருமா என்றே சந்தேகமாக இருந்தது. ஒரு 'வேண்டாம்' சொல்ல எவ்வளவு தெம்பு வேண்டியிருக்கிறது! அந்தப் பிள்ளை திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, அது மட்டும் மண்டைக்குள் நிற்கிறது.

13 பிப்ரவரி, சனி

சொல்லிவிட்டேன். படகில்.

சங்கு ஊதி, கரையை விட்டுத் தள்ளி வந்த பிறகு ஜபருல்லாவே ஆரம்பித்தான். "வாப்பா அடுத்த மாசம்ங்கிறாரு. நமக்குள்ள ஒறவு விட்டுப் போவாது மச்சான். எனக்கு அதான் நிம்மதி."

"எனக்கு இஷ்டமில்லை, ஜபருல்லா."

"பின்ன தட்டை ஏன் உடுத்தீங்க?"

"தெரியாம உடுத்திட்டேன்."

"தெரியாமயா? பச்சப் புள்ளயா நீங்க? என் தங்கச்சிக்கு என்ன கொறைச்சல்?"

"ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் வேண்டாம்."

அதற்குப் பிறகு அவன் எப்போதும்போல் கத்துவதை நிறுத்திவிட்டான். கயிற்றை எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்று நானே பார்த்துக்கொண்டேன். இரண்டாவதாக வந்தோம். அவன் பாயைச் சுருட்டாமல் இறங்கிப் போய்விட்டான்.

17 பிப்ரவரி

மாமா எதிரே வந்தவர் சாலையின் அந்தப் பக்கம் போய்விட்டார். மாமியார் வீட்டிலிருந்து அடுக்குப் பாத்திரத்தில் வந்துகொண்டிருந்த சாப்பாடு நின்றது. நான் எங்கோ ஒருத்தியை வைத்திருக்கிறேன் என்று சங்கத்தில் பேசிக்கொள்கிறார்களாம். அலாவுதீனே கேட்டார். இல்லை என்றேன். நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

20 பிப்ரவரி, சனி

ஜபருல்லா வரவில்லை. கரையில் உட்கார்ந்து மற்ற ஐந்து பாய்களையும் பார்த்தேன். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

23 பிப்ரவரி

நூர் பீவியை அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு பள்ளி வாத்தியாருக்குப் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லது.

27 பிப்ரவரி, சனி

கோப்பைப் பந்தயம். ஜோடி வரமாட்டான், எனக்கு அங்கே வேலையில்லை என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஜபருல்லா படகில் உட்கார்ந்திருந்தான். "ஏறுங்க" என்றான். மச்சான் என்று சொல்லவில்லை.

நல்ல வடகிழக்குக் காற்று. தொடக்கத்திலிருந்தே நாங்கள்தான் முன்னால். ஜெலுத்தோங் மிதவையைச் சுற்றித் திரும்பிவிட்டால் கோப்பை எங்களுக்கு. அவன் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டான்.

"அக்கா கடைசியா என்ன சொன்னுச்சு?"

ஆசியா போன அந்த வாரம் அவன் வியாபாரமாக அக்கரைக்குப் போயிருந்தான். அடக்கத்துக்குத்தான் வந்து சேர்ந்தான். இத்தனை நாளில் இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை, அவனும் கேட்டதில்லை.

"பெரிசா ஒண்ணும் சொல்லலை. மழை வரப்போவுது, கொடியில துணி கெடக்கு, எடுங்கன்னா."

"எடுத்தீங்களா?"

"இல்லை. அவ கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாம் நனைஞ்சிடுச்சு."

நனைஞ்சிடுச்சு என்று சொன்னதுதான் தெரியும். அப்புறம் என்ன ஆனது என்று ஒழுங்காக எழுத வரவில்லை. அழுதேன். சத்தமாக, மாடு கத்துவதுபோல, கயிற்றைப் பிடித்துக்கொண்டே. அல்லாவே, ஆசியா, ஆசியா என்று. மூக்கு ஒழுகி, வாய் கோணி. அவளைப் பறிகொடுத்துவிட்டேன். அவள் இல்லை. இனி வரமாட்டாள்.

மிதவை இடப்பக்கம் வந்தது, பக்கத்திலேயே. போனது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கயிற்றைச் சரியாக இழுத்தால்தான் படகைத் திருப்ப முடியும். ஜபருல்லா சுக்கானை அசைக்கவில்லை. நேரே தெற்கே ஜெரஜாக் தீவுப் பக்கமாக ஓட்டிக்கொண்டே போனான். பின்னால் வந்த படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பிக் கரையைப் பார்த்துப் போயின. அவன் முகமும் நனைந்திருந்தது. நான் ஓயும்வரை அவன் திருப்பவே இல்லை.

எல்லோரும் கோப்பி குடித்து முடித்த பிறகுதான் கரை சேர்ந்தோம். அலாவுதீன் ஓடி வந்தார். "முன்னாடி போன ஆளுங்க, என்னாச்சு?"

"மிதவை கண்ணுல படலை" என்றான் ஜபருல்லா.

மாட்டுவண்டி உயரம், சிவப்புச் சாயம் அடித்த மிதவை.