அஞ்சுதான் அத்தே

இரும்புப் பெட்டியைத் திறந்ததும் உங்கள் வாசனை வந்தது, மாமா. உங்கள் பழுப்பு ஸ்வெட்டர். நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. இரண்டு முறை துவைத்தும் விட்டேன். ஆனாலும் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் அடுப்பின் புகையும் காயின் மணமும் கம்பளியை விட்டுப் போவேனா என்கின்றன. போடி வெயிலில் எனக்கு எதற்கு ஸ்வெட்டர்? நம் மகளுக்காக எடுத்தேன். அவளும் மாப்பிள்ளையும் இப்போது மலையில்தான் இருக்கிறார்கள், நாம் இருந்தது மாதிரியே ஓர் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில். அவள் முழுகாமல் இருக்கிறாள். காலையில் போன் செய்தாள். அவள் என்ன சொன்னாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் உங்களோடு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.

நான் அவளைச் சுமந்த அந்த வருஷத் தீபாவளிக்குச் சிலமலைக்கு, என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். அம்மா பணியாரம் எடுத்து வைத்தபடி எத்தனை மாதம் என்று கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"அஞ்சுதான் அத்தே."

ஆறு மாதம் முடியப்போகிற வயிற்றை வைத்துக்கொண்டு நான் திருதிருவென்று விழித்தேன். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் நீங்கள். காது மடல் சிவந்துவிட்டது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆஸ்பத்திரிச் சீட்டையும் பார்க்க மாட்டாள். மருமகன் சொன்னால் வேதவாக்கு. திரும்பி வரும்போது ஜீப்பில் உங்கள் தொடையைக் கிள்ளி ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். ஏழாம் மாதம் வளையல் போட்டு உன்னைக் கீழே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள், குழந்தைக்கு மூணு மாதம் ஆகும்வரை விட மாட்டார்கள், என்றீர்கள். பிறகு வெளியே பார்த்துக்கொண்டு, "ஒரு மாசந்தான புள்ள. இந்தக் குளிர ஒத்தையில எப்படிக் கழிக்க?" என்றீர்கள். எனக்குக் கோபம் போய்விட்டது. ஆனால் கிள்ளிய கையை எடுக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பாகத்தான் வருகிறது. காலையில் லயத்துக் கதவைத் திறந்தால் எதிர் வீடு தெரியாது, அவ்வளவு மூட்டம். நான் பாலில்லாத கட்டன் சாயாவை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு வருவேன். நீங்கள் உள்ளே விறகு தள்ளிக்கொண்டிருப்பீர்கள். உள் அடுப்பின் சூட்டில் வெளிச்சுவர் கதகதவென்று இருக்கும். அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் ராணி மாதிரி இருக்கும் எனக்கு. பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சி அந்த இடத்துக்கு என் சிம்மாசனம் என்றே பெயர் வைத்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் நீங்கள் வெளியே வருவீர்கள். வருமுன் இரண்டு உள்ளங்கையையும் அடுப்பு வாயில் காட்டித் தேய்த்துக்கொள்வீர்கள். "சில்லுன்னு கைய வச்சா புள்ள பயந்துரும்" என்று சொல்லிவிட்டுத்தான் என் வயிற்றில் வைப்பீர்கள். அவளும் அதற்காகவே காத்திருந்தவள் மாதிரி உடனே புரளுவாள். எனக்குப் பொறாமை. கல்யாணமாகி ஒன்றரை வருஷம், எனக்காக ஒருநாளாவது கையைச் சூடு பண்ணினீர்களா என்று கேட்டேன். மறுநாளிலிருந்து முதலில் என் பாதம், அப்புறம்தான் வயிறு.

வேறென்ன செய்தோம்? ஒன்றுமில்லை. வேகவைத்த கப்பைக் கிழங்கைக் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலில் தொட்டுத் தின்றோம். மத்தி மீன் வேண்டும் என்று நான் அடம்பிடித்த அன்று பூப்பாறைக்கு நடந்தே போய், மத்தி கிடைக்காமல் கருவாட்டோடு வந்தீர்கள். அதை நாற்றம் என்று சொல்லிவிட்டு முழுவதையும் நானே தின்றேன். குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டு வயிற்றுக்கு எதிரே உட்கார்ந்து, அன்றைக்கு எத்தனை மூட்டை பச்சைக்காய் வந்தது என்று அவளிடம் ஒப்பிப்பீர்கள். அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்று மாதத்தைக் கொடுத்து வேறு எதையும் நான் வாங்க மாட்டேன்.

நம் பொய்தான் நம்மை விஞ்சிவிட்டது. அம்மாவின் எண்ணிக்கையில் ஏழாம் மாதம் மார்கழியில் விழுந்தது. மார்கழியில் விசேஷம் கூடாது. தையில் எட்டு, எட்டில் வளையல் போடக்கூடாது. மாசியில் ஒன்பது, அப்போது ஜாம்ஜாமென்று செய்வோம் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். ஒரு மாதம் கேட்டோம், பிள்ளை பிறக்கும்வரை கிடைத்தது. சொல்லிவிடலாம் என்றேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினீர்கள். நானும் வற்புறுத்தவில்லை. பழியில் பாதி எனக்கும்தான்.

தை முடியுமுன் ஒரு விடிகாலை வலி கண்டது. போடிமெட்டு வளைவு ஒவ்வொன்றிலும் உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு உங்களையும் உங்கள் பொய்யையும் திட்டிக்கொண்டே இறங்கினேன். அதோடு விட்டீர்களா? போடி கடைத்தெருவில் ஜீப்பை நிறுத்தி வளையல் கடைக்கு ஓடினீர்கள். நான் உயிர் போகிற மாதிரி கத்துகிறேன், நீங்கள் சிவப்பா பச்சையா என்று பார்க்கிறீர்கள். இதுதான் மாமா நான் சொன்ன சண்டை. அளவு தெரியாமல் வாங்கி வந்து, அவசரத்தில் மாட்டி, இரண்டை உடைத்து, மூன்றைத்தான் ஏற்றினீர்கள். "வெறுங்கையோட உள்ள போகக்கூடாது புள்ள" என்றபோது உங்கள் கண் நிறைந்திருந்தது. அதற்கப்புறம் நான் திட்டவில்லை.

செய்தி கேட்டு வந்த அம்மா ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். எட்டு மாதப் பிள்ளை தங்காது என்பது அவள் நம்பிக்கை. தலையில் அடித்துக்கொண்டு அவள் அழுததைப் பார்த்துத்தான் உங்களுக்கு உறைத்தது. எல்லார் முன்னாலும் அவள் காலடியில் குத்தவைத்துச் சொன்னீர்களாம்: "அழுகாதீங்க அத்தே. ஒம்போது முடிஞ்ச புள்ள. நாந்தேன் பொய் சொன்னேன்." அம்மா எழுந்து உள்ளே வந்தாள். குழந்தையின் தலையைத் தடவிப் பார்த்தாள். "அதான பாத்தேன், எட்டு மாசத்துல இம்புட்டு முடியா?" என்றாள். அப்புறம் ஒரு மாதம் உங்களோடு பேசவில்லை.

இப்போது காலையில் வந்த போனுக்கு வருகிறேன். எத்தனை மாதம் என்று கேட்டேன். மகள் பதில் சொல்லுமுன் மாப்பிள்ளை போனை வாங்கிக்கொண்டார்.

"அஞ்சுதான் அத்தே."

ஆனி மாதம் இங்கே வந்திருந்தபோதே கறிக்குழம்பு வாசனைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தவள் அவள். இது ஐப்பசி. எனக்கு விரல்விட்டு எண்ணத் தெரியாதா? ஆறு. நம் கதையை நாம் இருவருமே அவளிடம் சொன்னதில்லை. அவர் காது சிவந்ததா என்று போனில் தெரியவில்லை. "சரி மாப்ளே, அஞ்சுன்னா அஞ்சுதான்" என்று சொல்லிவிட்டேன்.

மத்தியானம் ஏலக்காய் பிரிக்கும் சோலி முடிந்து வரும்போது, அவள் கைக்கு அளவான வளையலாகப் பார்த்து இரண்டு டஜன் வாங்கிவிட்டேன். சிவப்பும் பச்சையும். அவளை இறக்கிக்கொண்டு வரப்போவதில்லை. தை பிறந்ததும், என் கணக்கில் ஒன்பதாம் மாதம், ஜீப்பு ஏறி நானே மேலே போவேன். வளையலைப் போட்டுவிட்டு, நாள் நெருங்கும்வரை அங்கேயே கிடப்பேன், அவர்கள் இருவருக்கும் இடைஞ்சலில்லாமல் பக்கத்து எஸ்டேட்டில் இருக்கும் நம் பழைய சேச்சி வீட்டில். சரியான மாதம் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து யாரும் அழ வேண்டியிருக்காது.

ஸ்வெட்டரை மடித்துப் பொட்டலம் கட்டிவிட்டேன். கட்டும் முன், என்னையறியாமல் இரண்டு கையையும் அடுப்பில் காட்டித் தேய்த்துக்கொண்டேன். தையில் அவள் வயிற்றைத் தொடும்போது என் கை சில்லென்று இருக்காது, மாமா.