பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்

ஆவணி 5, வியாழன்

காலையிலிருந்து சாரல். துணி ஒன்றும் காயவில்லை. துபாய்க்குப் போக இன்னும் நாலு நாள். மகள் ஜெயாவுக்குத் தலைப்பிரசவம். டாக்டர் சொன்ன தேதிக்குப் பத்தே நாள். எனக்கு முதல் விமானம்.

பக்கத்து வீட்டு ரெத்தினம் மைனி மூன்று தடவை போய்வந்தவள். அவள் சொன்னவை:
– கொப்பரை ஆகாது, ஒரு துண்டுகூட. தீப்பிடிக்குமாம்.
– எண்ணெய், லேகியம் பெரிய பெட்டியில்.
– சேலைக்கு ஊக்கு குறைவாக. கருவி கத்தும்.
– காது அடைத்தால் மிட்டாய்.
– திருநாமப் பொட்டலம் கைப்பையில் வேண்டாம். வெள்ளைப் பொடி. கேள்வி வரும்.

போகிற போக்கில் பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பார்த்தாள். "ஐயோ மக்கா, ஒத்தப் பேருல்லா இருக்கு! அங்க ரெண்டு பேரு வேணும். அஞ்சுகிராமத்துக்காரி ஒருத்திய ஏர்போட்டுலயே திருப்பி விட்டுட்டானுவ."

சொர்ணம். அவ்வளவுதான். நம்மில் யாருக்கு ரெண்டாம் பேர்? முன்னால் ஓர் எழுத்து, அதையும் பாஸ்போர்ட் எடுக்கையில் விட்டாயிற்று.

வெள்ளி

ரசத்தில் உப்பு இரண்டு முறை. மருமகனுக்கு போன். "விசா வந்தாச்சுல்லா அத்த, ஒண்ணும் ஆகாது." குரலில் உறுதி இல்லை. பின்னாலிருந்து ஜெயா: "அம்மா வருவாளா, மாட்டாளா? அத மட்டும் கேளுங்க."

டிக்கெட் எடுத்த இடத்தில், 'கவுண்டரில் பார்த்துக்கொள்ளலாம்' என்கிறார்கள். அங்கே பார்த்து என்ன செய்ய?

சனி

எடை 20 கிலோதான். வீட்டுக்காரர் வாழைக்குலை நிறுக்கும் கொக்கித் தராசில் பெட்டியைத் தொங்கவிட்டார்.
பெட்டி 4
என் துணி 6
கருப்பட்டி 5
நேந்திரங்காய் வற்றல் 3
லேகியம் 2
புளி 2
பிள்ளைத் துணி 1
ஆக 23. கருப்பட்டியில் 3 எடுத்தேன்.

"ஏட்டி, நீ போறதே உறுதியில்ல, இதுல கருப்பட்டிக்குக் கண்ணீரா?" என்கிறார். கருப்பட்டிக்கா அழுகிறேன்?

ஞாயிறு

எங்கள் அய்யா சாமியின் பதியில் உச்சிப்படிப்பு, மதிய வழிபாடு. மனம் நிற்கவில்லை. நாமம் இட்டு வேண்டியது ஒன்றே: பிள்ளை வெளியே வரும்போது நான் அங்கே இருக்கவேண்டும்.

திங்கள், திருவனந்தபுரம் விமான நிலையம்

நாற்காலியில் இருந்து எழுதுகிறேன். 

வீட்டுக்காரரை உள்ளே விடவில்லை. கவுண்டரில் மலையாளப் பெண். பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி பாஸ்போர்ட்.

"அம்மே, இதில் ஒரு பேரு மாத்திரமே உள்ளு. கூடெ வேறெ பேரு இல்லே?"

 பயந்தால் எங்கள் ஆட்கள் வாயில் வருவதே என் வாயிலும் வந்தது. "அய்யா உண்டு."

நான் சொன்னது சாமியை. அவள் எடுத்துக்கொண்டது அப்பாவை.

"அய்யாவோ? அச்சன்டெ பேரோ?" பாஸ்போர்ட்டைப் புரட்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். அங்கே என் அப்பா பேர். விரல் வைத்து வாசித்தாள். "பொன்… னையா. ஆ, அய்யா உண்டல்லோ! மதி அம்மே, மதி."

அப்பா பேர் அச்சில் இருந்தால் போதுமாம். சீட்டைக் கையில் தந்துவிட்டாள். பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். பின்னால் நின்றவர் தள்ளுவண்டியால் இடித்த பிறகே நகர்ந்தேன்.

ஜெயாவுக்கு போன். அழுதாள். பிறகு, "மிட்டாய் எடுத்தியா?" என்றாள்.

வீட்டுக்காரர் இன்னும் வாசலிலேயே நிற்கிறாராம். போனில் கத்துகிறார்: "விட்டுட்டானுவளா? யாரு பேருல விட்டானுவ?"

"அய்யா பேருல" என்றேன். விமானத்துக்கு வரிசை நகர்கிறது, எழுகிறேன்.