கறிவேப்பிலைத் தொட்டியில் முப்பத்தொரு வருஷம்

போபோடி, பூனா
18.9.2001

அன்பு மகள் ஜெனிபருக்கு அம்மா பவுன் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. திண்டுக்கல்லில் உன் ஸ்டெல்லா அத்தை போடுகிற சாப்பாட்டுக்கு நலமாக இல்லாமல் என்ன செய்வாய்?

போன் போட்டால் அத்தை ரிசீவர் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். அதனால்தான் கடிதம். உனக்குத் தமிழ் மெதுவாகத்தான் வரும் என்று எழுத்தைப் பெரிசாகப் போட்டிருக்கிறேன். நாலாம் வகுப்பு எழுதியதை எம்.எஸ்ஸி. எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும். புரியவில்லை என்று அத்தையிடம் மட்டும் கொடுத்துவிடாதே. அவளைப் பற்றியும் கொஞ்சம் வருகிறது.

உன் ஆபீஸ் பட்டாபிராமன் சார் என்ன சொன்னார்? நீ கொண்டுவந்த தேவதாருக் குச்சியில் நடுவில் முப்பது வருஷத்தைக் காணோம், ரெண்டு மரத்தைக் கலந்து ஒட்டிவிட்டாய், இப்படிப் பொறுப்பில்லாத பெண்ணை அக்டோபரில் மறுபடி பனிமலைக்கு அனுப்பமாட்டேன் என்றார். நீயும் மூக்கைச் சிந்திக்கொண்டு அத்தை வீட்டுக்கு ரயில் ஏறிவிட்டாய். இப்போது அவள் பார்த்து வைத்த பையனுக்குத் தலையாட்டப் போகிறாய் என்று கேள்வி.

அந்த முப்பது வருஷம் எங்கே இருந்தது தெரியுமா? நம் வீட்டுக் கறிவேப்பிலைத் தொட்டியில்.

சிரிக்காதே, கேள். மே மாசம் அந்தக் குச்சிகளை ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ராவுக்குள் போட்டுக் கொண்டுவந்தாயே. மரத்தைச் சாகடிக்காமல் துளைத்து எடுத்தது, வருஷத்துக்கு ஒரு வளையம் இதில் இருக்கிறது என்று பெருமையாகக் காட்டினாயே. நீ குளிக்கப் போன நேரம், ஈரமாக இருக்கிறதே, பூஞ்சை பிடித்துவிடுமே என்று எல்லாவற்றையும் உருவி மொட்டைமாடியில் வடகம் மாதிரி சேலையில் பரப்பினேன். நீ வந்து போட்ட கூச்சலில் அவசரமாக அள்ளியபோது ஒன்று முறிந்தது. ரெண்டு துண்டையும் உன்னிடம் கொடுத்தேன், நீயும் ஒட்டிவிட்டாய். மூன்றாவது துண்டு ஒன்று இருந்தது என்று நம் ரெண்டு பேருக்கும் தெரியாது. ரெண்டு நாள் கழித்து மாடியைக் கூட்டினேன். சின்ன விரல் நீளத்துக்கு ஒரு குச்சி கிடந்தது. நல்ல வாசனை. எடுத்துக் கறிவேப்பிலைக் கன்றுக்கு முட்டுக் கொடுத்துக் கட்டிவிட்டேன்.

போன வியாழக்கிழமை தண்ணீர் ஊற்றும்போதுதான் கண்ணில் பட்டது. மூன்று மாச மழையில் என் குடைக்கம்பி துருப்பிடித்துப் போச்சு. அந்தக் குச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்போதுதான் சார் காணோம் என்ற முப்பது வருஷம் ஞாபகம் வந்தது.

மறுநாள் காலையில் அதை டிபன் டப்பாவில் வைத்து, ரெண்டு பஸ் மாறி உன் ஆபீசுக்குப் போனேன். வாட்ச்மேன் டிபன் யாருக்கு என்று மராட்டியில் கேட்டான். பட்டாபிராமன் சாருக்கு, இன்றைக்கு அவருக்கு விருந்து என்றேன்.

சார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் விடவில்லை. முறித்தவள் நான், என்ன ஏது என்று கேட்காமல் என் மகளை எப்படிப் பொறுப்பில்லாதவள் என்று சொல்லலாம் என்று நின்றேன். உட்காரச் சொன்னார். மாட்டேன் என்றேன். பாவம், அவரும் நின்றுகொண்டே உப்புத்தாளில் தேய்த்து லென்சில் பார்த்தார்.

அப்புறம் எனக்கும் காட்டினார். நீ சொன்னது சரிதான்டி. பனியும் மழையும் நன்றாகக் கிடைத்த வருஷத்தில் வளையம் அகலம். மார்ச், ஏப்ரலிலேயே வெயில் சுட்ட வருஷத்தில் மயிரிழை. அதே சரிவில் நின்ற இன்னொரு மரத்தின் குச்சியைப் பக்கத்தில் வைத்தார். இதில் அகலமான இடத்தில் அதிலும் அகலம், இதில் ஒல்லியான இடத்தில் அதிலும் ஒல்லி. ஒரே வெயிலைத் தின்ற மரங்கள் ஒரே கதையைத்தானே சொல்லும்? எண்ணி முடித்து முப்பத்தொன்று என்றார். முப்பது என்று சொல்லித்தானே என் மகளைத் திட்டினீர்கள், உங்கள் கணக்கிலும் ஒரு வருஷம் பிசகு என்றேன். மனுஷன் சிரித்துவிட்டார்.

உன் பேரை மறுபடி எழுதிக்கொண்டார். ஆனால் இருபத்தெட்டாம் தேதிக்குள் நீ நேரில் வந்து கையெழுத்துப் போடவேண்டும். இல்லையென்றால் மலைக்கு வேறு ஆள் போகும்.

இனி அத்தை. மலையேறுகிற பெண் வேண்டாம், அந்த வேலையை விட்டுவிடவேண்டும் என்கிறார்களாமே மாப்பிள்ளை வீட்டில். அப்படிப்பட்ட மாப்பிள்ளை எங்களுக்கும் வேண்டாம். உனக்குச் சொல்ல வாய் வரவில்லை என்றால் இந்த வரியை மட்டும் அத்தையிடம் படிக்கக் கொடு. பெரிய எழுத்துதானே, கண்ணாடி இல்லாமலே படிப்பாள்.

அப்பா தன் அக்காவுக்கு எதிராக ஒரு வார்த்தை பேசமாட்டார், உனக்கே தெரியும். ஆனால் நேற்று ஃபேக்டரி விட்டு வரும்போது கட்கி பஜாரில் ஒரு ஜோடி கம்பளி சாக்ஸ் வாங்கி வந்து உன் கட்டில் மேல் வைத்திருக்கிறார். உன் அளவுதான்.

கறிவேப்பிலைக்கு அப்பாவுடைய பழைய பல் பிரஷ்ஷை முட்டுக் கொடுத்திருக்கிறேன். இனி நீ கொண்டுவருகிற ஒரு துரும்பையும் உன்னைக் கேட்காமல் தொடமாட்டேன்.

எவ்வளவு வெயில் சுட்டாலும் அந்த வருஷத்துக்கு ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் மரம் அடுத்த வருஷத்துக்குப் போகும் என்று நீதானே எனக்குச் சொன்னாய்? ஒல்லியாக இருந்தாலும் உன் கோட்டைப் போடு. மாதா உனக்கு முன்னால் ஏறிப் போய் வழுக்குகிற கல்லையெல்லாம் காட்டிக்கொடுக்கட்டும். ரயில் ஏறி வா, என் ராசாத்தி.

குச்சியை முறித்த உன் அம்மா,
பவுன்