ஆள் வந்தால் மட்டும் ஓடும் ஏசி

ஏப்ரல் 2, வியாழன்

பள்ளிச் சீருடை நாற்பத்திரண்டு செட்டும் வெட்டி முடித்தேன். முதுகு ஒடிந்துவிட்டது. அதைக் கொண்டாடக்கூட முடியவில்லை, மதியம் இரண்டரைக்கு என் கணவர் அறை ஏசி மறுபடியும் மக்கர் செய்தது. போட்டதும் அரை மணி நேரம் ஜில்லென்று இருக்கிறது. அப்புறம் குளிர் நின்றுபோய் வெறும் காற்றை ஊதுகிறது. என்ன கோளாறு என்றே புரியவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வடிகட்டியைக் கழற்றிக் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுகிறவள் நான். பராமரிப்பில் என்னைக் குறை சொல்ல ஆள் பிறக்க வேண்டும்.

நான்கு மணிக்குக் குளியலறைக்குப் போக எழுந்தவர் பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நான்கு வருடமாக இந்த நரம்பு வியாதி. அறை குளிர்ச்சியாக இருந்தால் நடமாடுவார், கம்ப்யூட்டரில் வீட்டு வரைபடம் போடுவார், என்னை வம்புக்கு இழுப்பார். உடம்பு சூடேறினால் கால் துவண்டுவிடும், கண் மங்கிவிடும். குளிர்ந்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். குளிர்ந்தால்தானே.

ஏப்ரல் 4, சனி

மெக்கானிக் வருகிறார் என்று காலை ஐந்தரைக்கே எழுந்தேன். வெட்டுத் துணி எல்லாவற்றையும் மூட்டை கட்டினேன். பால்கனியைக் கழுவிவிட்டேன். அங்கேதான் ஏசியின் வெளிப்பெட்டி நிற்கிறது. போன மழைக்காலத்தில் அது நனைந்து துருப்பிடிக்குமே என்று தடித்த தார்ப்பாயில் ஓர் உறை தைத்துப் போட்டிருந்தேன். ஓரமெல்லாம் பைப்பிங் வைத்து, முன்னால் காற்றாடி இருக்கும் இடத்தில் வட்டமாக வலை வைத்து, பின்பக்கம் வெல்க்ரோ ஒட்டுப்பட்டி வைத்து. கடையில் விற்கிற உறையெல்லாம் அதன் கால் தூசுக்கு வராது. ஆனால் மேலெல்லாம் புறா எச்சம். அந்நிய மனிதர் பார்த்தால் என்ன நினைப்பார்? கழற்றி சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டேன்.

வந்தவர் தொப்பிக்காரர். வீட்டுக்குள்ளும் தொப்பியைக் கழற்றுவதில்லை. ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார். கல்லு மாதிரி ஓடுகிறது. கேஸ் அளவு சரி, மின்சாரம் சரி, ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்டு எனக்கு ஒரே திருப்தி. மாலையில் உறை காய்ந்தது. எடுத்து மாட்டினேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

மறுபடியும் நின்றுவிட்டது. மதியம் பன்னிரண்டு நாற்பதுக்கு.

ஏப்ரல் 7, செவ்வாய்

தொப்பிக்காரர் இரண்டாம் தடவை வந்தார். வழக்கம்போல வீட்டைத் துடைத்து, உறையைக் கழற்றித் துவைக்கப் போட்டு, அவருக்குக் குடிக்கத் தண்ணீர்கூட எடுத்து வைத்துவிட்டேன். அவர் ஸ்விட்சைப் போட்டதும் ஏசி நல்ல பிள்ளையாகி இரண்டு மணி நேரம் குளிர்ந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அதை ஓர் அறை அறைந்திருப்பேன். “என்னைப் பாத்தா பயப்படுது போல இருக்கும்மா,” என்று தொப்பிக்காரர் சிரித்தார். கட்டிலில் இருந்த இவர், அப்படியானால் மெக்கானிக்கின் போட்டோ ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டிவிடலாம் என்றார். இந்த வாய்க்கு மட்டும் எந்தச் சூட்டிலும் குறைவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

நேற்றும் நின்றது. இன்றும் நின்றது.

நாத்தனார் போன் செய்தார். இவரைவிட ஆறு வயது மூத்தவர், மலைமேல் இருக்கிற ஊரில் வீடு, அங்கே மின்விசிறிகூடத் தேவைப்படாது. நான் ஏசி கதையைச் சொன்னதுதான் தாமதம், பத்தொன்பதாம் தேதி வந்து தம்பியைக் கூட்டிக்கொண்டு போகிறேன், மழை ஆரம்பித்ததும் கொண்டுவந்து விடுகிறேன் என்று முடிவே சொல்லிவிட்டார். மூன்று மாதம். நான் கூடப் போக முடியாது, சீருடை வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

இவரிடம் போனைக் கொடுத்தேன். மாட்டேன் என்பார் என்று நினைத்தேன். “சரிக்கா, பாக்கலாம்” என்றார்.

பாக்கலாமாம். என்னத்தப் பாக்கறது? இருபத்தோரு வருஷத்துல ஒரு வாரம் பிரிஞ்சு இருந்திருக்கமா? ஒரு வார்த்தை என்கிட்ட கேக்கணும்னு தோணலையா? நானும் கேக்கல. கேட்டா அழுகை வந்துடும், அப்புறம் எனக்காகப் போகாம இருந்து கால் போச்சுன்னா?

ஏப்ரல் 10, வெள்ளி

 பேசாமலே இவர் நெற்றியில் ஈரத்துண்டு மாற்றினேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

திரையில் கோடெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று ஒரு வீட்டு வரைபட வேலையை இவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். இத்தனை வருடத்தில் முதல் தடவை. போனில் அந்த ஆளிடம் நிதானமாகத்தான் பேசினார். வைத்த பிறகு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

மாலையில் கால் பிடித்துவிடும்போது, “நான் போயிட்டா உனக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்” என்றார்.

“நான் ஓய்வு கேட்டேனா?”

“கேக்க மாட்ட. அதான் நானே சொல்றேன்.”

அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி எழுந்து வந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 13, திங்கள்

தொப்பிக்காரரைப் போனில் பிடித்தேன். அவர் குரலிலும் உற்சாகம் போய்விட்டது. கம்ப்ரஸர் உள்ளுக்குள் போய்க்கொண்டிருக்கலாம், மாற்றவேண்டி வரும், அதைவிடப் புது ஏசியே வாங்கலாம் என்றார். வியாழக்கிழமை வந்து கடைசியாக ஒருமுறை பார்க்கிறாராம். நோயாளி பிழைக்க மாட்டார் என்று டாக்டர் சொல்கிற குரலில் சொன்னார்.

ஏப்ரல் 15, புதன்

 இன்று நடந்ததை எழுதியே ஆகவேண்டும்.

காலை பதினோரு மணி. வீடு போர்க்களம். தரை முழுக்க வெட்டுத் துணி, நாற்காலியில் துவைக்காத துணி, நான் நைட்டியோடு மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன். மணி அடித்தது. கதவைத் திறந்தால் தொப்பிக்காரர். ஒரு வீட்டில் வேலை தள்ளிப் போய்விட்டதாம், பக்கத்தில்தானே இருக்கிறோம் என்று ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். நான் வழியில் கிடந்த துணியைக் காலால் ஒதுக்குவதற்குள் அவர் நேராகப் பால்கனிக்குப் போய்விட்டார்.

 எட்டிப் பார்த்தேன். உறை மாட்டிய பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

“இது என்னம்மா?”

உறை என்றேன். நானே தைத்தது என்றும் சேர்த்துச் சொன்னேன். எப்போதும் போட்டே இருக்குமா என்று கேட்டார். எப்போதும்தான் என்றேன்.

“நான் வந்தப்ப ரெண்டு தடவையும் இல்லையே?”

“ஆள் வராங்கன்னா கழட்டித் துவைச்சுப் போட்டுடுவேன். அழுக்கா இருக்குமே.”

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றினார். உள்ளே முழு வழுக்கை. தலையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். திட்டவில்லை, அதுதான் இன்னும் மோசம். ஒட்டுப்பட்டியைப் பிரித்து உறையை உருவினார். பெட்டியின் பின்பக்கத் தகட்டில் கையை வைக்கச் சொன்னார். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன், அப்படிக் கொதித்தது.

“ஏசி குளிரை உண்டாக்கறதில்லம்மா. ரூமுக்குள்ள இருக்கற சூட்டை எடுத்துட்டு வந்து இங்க கொட்டுது. பின்னாடியும் பக்கத்துலயும் காத்தை இழுத்து, முன்னாடி தள்ளணும். நீங்க முன்னாடி மட்டும் வலை வெச்சிருக்கீங்க. இழுக்கற பக்கமெல்லாம் தார்ப்பாய். சூட்டைக் கொட்ட வழியில்லன்னா அது என்ன பண்ணும்? தாங்கற வரைக்கும் தாங்கும், அப்புறம் தன்னைக் காப்பாத்திக்க நின்னுடும்.”

மழைக்காலத்தில் நன்றாகத்தானே ஓடியது என்று முனகினேன். அப்போது வெளியே குளிர்ச்சி, அதனால் சமாளித்துக்கொண்டது, வெயில் ஏறியதும் முடியவில்லை என்றார். வெளிப்பெட்டி மழைக்கும் வெயிலுக்கும் என்றே செய்யப்பட்டதாம், அதற்குச் சட்டையே வேண்டாமாம். கம்ப்ரஸருக்கு ஒன்றும் ஆகவில்லை. தகட்டில் அடைந்திருந்த நூல்பிசிரைத் தண்ணீர் அடித்துக் கழுவினார். அந்தப் பிசிரும் என் தையல் மெஷினிலிருந்து பறந்ததுதான்.

உள்ளேயிருந்து ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் இவர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். மாதக் கணக்காயிற்று இந்தச் சிரிப்பைக் கேட்டு.

ஏப்ரல் 16, வியாழன்

காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுவரை நிற்காமல் குளிர்ந்தது. இவர் தானே எழுந்து முகம் கழுவினார்.

சந்தோஷப்பட வேண்டியவள், உட்கார்ந்து அழுதேன். இரண்டு வாரமாக அவர் காலை முடக்கியது சூடு இல்லை, என் கை. போற வர்றவங்ககிட்ட எல்லாம் பெருமை அடிச்சுக்கிட்டேனே. இவரிடமே சொன்னேன். அவர் உறையைக் கையில் வாங்கிப் பிரித்துப் பார்த்தார்.

“இவ்ளோ கச்சிதமா தைச்சதுதான் தப்பு. கொஞ்சம் தொளதொளன்னு தைச்சிருந்தா தப்பிச்சிருப்போம்.”

அழுதுகொண்டே சிரித்தேன். உறையைத் தையல் பிரித்துப் போட்டுவிட்டேன். தார்ப்பாய் காய்கறிப் பையாகும்.

ஏப்ரல் 18, சனி

நாளை நாத்தனார் வருகிறார். ஏசி சரியாகிவிட்டது என்று போனில் சொல்லியும் வருகிறேன் என்றார். இவர் போவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சட்டைகளை மடித்து வைக்கட்டுமா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

நாத்தனார் பெரிய காலிப் பெட்டியோடு வந்து இறங்கினார். அறைக்குள் போய் ஏசிக்கு நேரே நின்று கையை நீட்டிப் பார்த்தார். இன்றைக்கு ஓடுகிறது, நாளைக்கு நின்றால் என்ன செய்வாய் என்று கேட்டார். நியாயமான கேள்வி. வேறு யார் தலையிலாவது போடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். பிறகு உறைக் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லி முடித்தபோது என் காது இரண்டும் எரிந்தது.

அவர் சிரிப்பார், அல்லது நாலு வார்த்தை கேட்பார் என்று நினைத்தேன். பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மெஷினுக்காக மட்டும் நான் வரேன்னு சொல்லல. அன்னைக்கு போன்ல உன் குரல் நல்லா இல்ல. நீ படுத்துட்டா அவனை யாரு பாப்பா?”

 “எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணி” என்றேன்.

இவர் கட்டிலிலிருந்து எழுந்து, சுவரைத் தொடாமல், எங்கள் முன்னால் வந்து நின்றார். “நான் இங்கயே இருக்கேன்க்கா. ஏசி ஓடினாலும் சரி, ஓடலன்னாலும் சரி. இவளுக்கு ஓய்வு வேணும்னுதான் சரின்னேன். இவ ஓய்வு வேண்டாங்கறா.”

“அவ அப்படித்தான் சொல்லுவா,” என்றார் நாத்தனார். “சரி, நான் ஒரு வாரம் இருந்து அவளைப் படுக்க வைக்கிறேன்.”

ஏப்ரல் 20, திங்கள்

மதியம் இரண்டு மணி நேரம் தூங்கினேன். வெட்கமாக இருந்தது. நன்றாகவும் இருந்தது.

ஏப்ரல் 27, திங்கள்

நாத்தனாரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். போகும்போது என் சமையலறை டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். உப்பைத் தேட அரை நாள் ஆயிற்று. கோபம் வரவில்லை.

மறக்காமல் இருக்க: மேற்கு ஜன்னல் திரையைப் பதினொன்றுக்கே இழுத்துவிட வேண்டும். ஏசியைப் பதினெட்டு டிகிரியில் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று நினைத்தது என் மடத்தனம். இருபத்தைந்தில் வைத்து மின்விசிறியையும் மெதுவாக ஓடவிட்டால் போதும். தண்ணீர் வடிகிற குழாயில் பாசி பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டியைச் சுற்றி ஒரு முழம் இடைவெளி. தையல் மெஷினைப் பால்கனிக் கதவிலிருந்து ஹாலின் அந்தப் பக்கத்துக்கு மாற்றியாயிற்று.

மே 5, செவ்வாய்

திருப்பிக் கொடுத்த அந்த வேலையை இவரே போன் செய்து கேட்டு வாங்கினார். அந்த ஆளும் வேறு யாரிடமும் கொடுக்காமல் வைத்திருந்தாராம்.

மே 16, சனி

வெயில் கொளுத்துகிறது. மூன்றரை மணிக்கு ஹாலில் சீருடைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். அறைக் கதவு திறந்தது. இவர் எதையும் பிடிக்காமல் மெதுவாக நடந்து வந்து எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஹாலில் ஏசி கிடையாது. இங்கே அனலாக இருக்கிறதே, உள்ளே போங்கள் என்றேன்.

“பத்து நிமிஷம் தாங்கும். நாள் முழுக்க அந்த நாலு சுவரையே பாத்துக்கிட்டு இருக்கறதா?”

பொத்தான் டப்பாவை இழுத்து வைத்துக்கொண்டு வெள்ளை வேறு நீலம் வேறாகப் பிரித்துக் கொடுத்தார். பாதி தப்பாகப் பிரித்தார், நான் சொல்லவில்லை. தான் வரைகிற வீட்டின் சமையலறையில் ஜன்னலே கேட்காத வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார். இருபத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது. நெற்றி வியர்த்திருந்தது. போதும் என்று அவரே எழுந்தார். அவர் கையைப் பிடிக்க என் கால் தானாகத் துள்ளியது. பிடிக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். ஹாலைத் தாண்டி அறைக் கதவுவரை பதினோரு காலடி. எண்ணினேன். கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் ஊசியில் நூலைக் கோர்த்தேன்.