சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவது

ஜனவரி 9, 2025

இன்று பிரெஞ்சு வகுப்பில் 'கிளம்புவது' மட்டுமே ஒன்றரை மணி நேரம். நமக்கு ஒரு சொல் போதும், அவர்களுக்கு நாலு வேண்டியிருக்கிறது. சோர்த்திர் என்றால் உள்ளேயிருந்து வெளியே வருவது. மாலையில் ஊர் சுற்றக் கிளம்புவதும் அதுதான். பார்த்திர் என்றால் பயணம் புறப்படுவது. கித்தே என்றால் ஓர் ஆளையோ இடத்தையோ விட்டு விலகுவது. லேஸே என்றால் விட்டுவைத்துவிட்டு வருவது, பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு வருகிறோமே, அப்படி.

வேலை முடிந்து கிளம்புகிறேன் என்பதற்கு வெறும் கித்தே போட்டு முற்றுப்புள்ளி வைத்திருந்தேன். தீபா மிஸ் சிவப்பு மையால் வட்டம் போட்டார். "யாரை விட்டு, எதை விட்டுன்னு சொல்லணும் உமாதேவி. இல்லாட்டி வாக்கியம் முடியாது. கொத்தாய்த்தா?"

புரிந்தது. ஆனாலும் நாளைக்கு மறுபடி குழப்புவேன்.

இந்த நோட்டின் முன்பக்கம் பிரெஞ்சு, பின்பக்கம் இது. என் கணவர் உதயகுமார் ராமாபுரத்தில் கன்னடப் பள்ளியில் படித்தவர். தமிழ் பேசுவார், படிக்க வராது. அந்த ஒரு தைரியம்தான்.

ஜனவரி 23

ஏப்ரல் 12, பெங்களூரில் தேர்வு. நான் தேறினால் நர்ஸ் வேலையை வைத்து இரண்டு பேரும் கனடா போகலாம் என்பது இவர் கணக்கு. அதனால்தான் வகுப்புக்கு அனுமதி. வீடு, ஆஸ்பத்திரி, வகுப்பு — மூன்று இடம், மூன்றுக்கும் இவர் பைக். இன்று வாசலுக்கு வர ஆறு நிமிடம் தாமதம். "யாரோட பேசிட்டிருந்த?" வழி முழுக்க அதே கேள்வி.

பிப்ரவரி 2

இவருடைய பெரியப்பா மல்லப்பன் நேற்று இறந்துவிட்டார். ராமாபுரம் போய் இப்போதுதான் திரும்பினோம்.

என்ன செய்துவிட்டேன் நான்!

அவர் மனைவி, பெரியத்தை மல்லம்மா, சுவரோடு சாய்ந்து கிடந்தார். தலை வலிக்கிறது, கண் மங்குகிறது என்றார். பையில் பி.பி. கருவி இருந்தது, பார்த்தேன். இருநூற்றுப் பத்து, நூற்று இருபது. மாத்திரை தொட்டு மூன்று நாளாம். "இப்பவே கொள்ளேகாலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணுமுங்க" என்று எல்லாரிடமும் சொன்னேன். என் மாமியார், "தாலி அறுத்தவ படி தாண்டுவாளா? கருமாதி முடியட்டும்" என்று முடித்துவிட்டார்.

நானே மாத்திரையைத் தேடி எடுத்து விழுங்க வைத்தேன். தினமும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கையைப் பிடித்துச் சொன்னேன். அவர் தலையாட்டினார். நோயாளியிடம் சொல்லிக்கொள்வதுபோல, எழுந்தபடியே, "போயிட்டு வரேனுங்க பெரியத்தை" என்று சொல்லிவிட்டேன்.

சுற்றியிருந்தவர்களின் அழுகை நின்றுவிட்டது. சாவு வீட்டில் அந்த வார்த்தையை யாராவது சொல்வார்களா? மறுபடி இதே காரியத்துக்கு வருவேன் என்றல்லவா அர்த்தம். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும், செருப்பை மாட்டிக்கொண்டு பேசாமல் வந்துவிட வேண்டும் என்று.

பெரியத்தை மட்டும் "செரி சாமி" என்றார்.

ஹனூர் பஸ் ஸ்டாண்டில், எல்லார் முன்னாலும், இவர் அறைந்தார்.

பிப்ரவரி 10

பெரியத்தை விடிகாலையில் போய்விட்டார். மூளையில் ரத்தக் கசிவாகத்தான் இருக்கும். கருமாதிக்கு முந்தின நாள்.

பிப்ரவரி 11

"சொன்னபடியே வந்துட்டா பாரு." மாமியார், நான் வாசலில் கால் வைத்ததும்.

மாத்திரை அட்டை ஜன்னல் மாடத்தில் இருந்தது. நான் எடுத்துக் கொடுத்ததற்குப் பிறகு ஒன்றுகூடக் குறையவில்லை. காட்டினேன். யாரும் பார்க்கவில்லை. கிளம்பும்போது உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு வந்தேன். ரத்தம் வந்துவிட்டது.

பிப்ரவரி 19

வகுப்பு நின்றது. மாமியார் எங்களோடு மைசூருக்கே வந்துவிட்டார். என் பாஸ்போர்ட் ராமாபுரத்தில் அவருடைய டிரங்குப் பெட்டிக்குள். "இந்த நாக்க வச்சிட்டு இன்னொரு தேசத்துல வேற எவனைக் கொல்லப் போற?" என்று இவர் கேட்கிறார். கனடா ஆசையெல்லாம் எங்கே போயிற்று? பயமா இவருக்கு? இல்லை, இத்தனை நாள் ஒரு சாக்குக்குத்தான் காத்திருந்தாரா?

மார்ச் 2

வார விடுமுறை. மாமியார் சாமுண்டி மலைக்குப் போனார். இவர் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போனார். திருடர் பயமாம். ஒன்பது மணி நேரம். கேஸ் கசிந்தால் என்ன செய்வேன் என்று மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் தோணலை.

மார்ச் 8

வார்டில் ஓர் அம்மாளுக்கு பி.பி. பார்த்தேன். இருநூற்றுப் பத்து. டாக்டர் வந்தார், மருந்து ஏற்றினோம், சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். கழிப்பறைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பெரியத்தையும் காபி கேட்டிருப்பாரே. நான் கொல்லலை. நான் கொல்லவே இல்லை.

ஆஸ்பத்திரி போனிலிருந்து தீபா மிஸ்ஸைக் கூப்பிட்டேன். சரஸ்வதிபுரத்தில் ஒரு பெண்கள் விடுதி இருக்கிறதாம். இடம் கேட்டு வைக்கிறேன் என்றார்.

மார்ச் 12

காலை ஆறரை. இவர் கீழே பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமியார் கூடத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். தினமும் "போயிட்டு வரேனுங்க அத்தை" என்பேன். இன்று செருப்பை மாட்டினேன். வாய் திறக்கவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த அவரைக்காய் அப்படியே நின்றது. கூப்பிடவும் இல்லை.

டூட்டி முடியும் இரண்டு மணிக்கு இவர் ஆஸ்பத்திரி முன் வாசலில் நின்றிருப்பார். நான் பிணவறைப் பக்கக் கதவு வழியாக விடுதிக்கு வந்துவிட்டேன். பையில் ஒரு மாற்றுச் சேலை, சான்றிதழ்கள், இந்த நோட்டு.

மார்ச் 13

இவர் வார்டு வாசலில் வந்து கத்தினார். காவலாளி பழனிமுத்து வெளியே கொண்டுபோய் விட்டார். எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மார்ச் 20

ஹனூரிலிருந்து அம்மா. "சாவு ஊட்டுல சொல்லிட்டு வந்த. பொழைக்கற ஊட்டுல சொல்லாம வந்துட்டியே, உனக்கு எதுதான் தெரியும் அம்மிணி?"

"அதும் சாவு ஊடுதாம்மா" என்றேன்.

போனை வைத்துவிட்டார். அதன்பின் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 12

இன்று தேர்வு. பாஸ்போர்ட் இல்லாமல் எழுத விடமாட்டார்கள், அது இன்னும் டிரங்குப் பெட்டியில். போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், வரச் சொல்கிறார்கள், போகிறேன், உட்கார வைக்கிறார்கள்.

காலையில் டூட்டிக்குத் தயாரானேன். அறையில் கூட இருக்கும் மோகனப்ரியா புடவைக் கடை விற்பனைப் பெண். தலை வாரிக்கொண்டிருந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்விட்டேன். ஒரு மாதமாக யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. நாக்கு பயந்து கிடந்தது. திரும்பி நின்று, மெதுவாக, "போயிட்டு வரேன்" என்றேன்.

அவள் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கக்கூட இல்லை. "ம்ம், வா. நான் வர லேட்டாகும், சாவி எடுத்துக்கிட்டியா?"

எடுத்திருந்தேன்.