இருபது வாஷரும் ஒரு டோர்னமென்ட்டும்

என் சேகர் மச்சானே, எங்கிருந்தாலும் கொஞ்சம் காது கொடு,

நீ இல்லாத ஓசூர் எப்படி இருக்கிறது என்று கேட்பாய். அத்திப்பள்ளி டோல்கேட்டில் வண்டிகள் அப்படியேதான் வரிசையில் நிற்கின்றன. பாகலூர் ரோட்டை மறுபடியும் தோண்டிவிட்டார்கள். காசு வைத்து போக்கர் ஆடும் ஆப்களையெல்லாம் மூடச் சொல்லிவிட்டார்கள். கம்பெனியில் நம் ஷிப்ட்டில் பாதிப் பையன்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். வாஷர் வைத்து ஆடும் நம்மை யாரும் ஒன்றும் செய்ய முடியாது, கவலைப்படாதே.

உனக்கும் எனக்கும் இருந்த ஒரே சண்டை அதுதானே, கேஷ் ஆட்டமா டோர்னமென்ட்டா என்று? நீ கேஷ் கட்சி. காசு கிடையாது, போல்ட்டுக்குப் போடும் இரும்பு வாஷர்தான். ஆனால் முறை அதுவே. கையிலிருந்த வாஷரெல்லாம் போனவன் எல்லோருக்கும் டீ போட வேண்டும். டீயோடு வந்தால் இன்னொரு இருபது வாஷர் கொடுத்து உட்கார வைப்பாய். நானோ டோர்னமென்ட் பைத்தியம். தீர்ந்தால் தீர்ந்ததுதான், எழுந்து போக வேண்டும், அதில்தான் ஆளின் தைரியம் தெரியும் என்பேன்.

"எல்லாத்தையும் எழுப்பி உட்டுட்டு அப்பறம் யார்கூட ஆடுவ மாப்ள?" என்று சிரிப்பாய். பதில் இல்லாமல் மழுப்புகிறாய் என்றுதான் நான் நினைத்தேன்.

நீ போன பிறகு சீட்டையே தொடவில்லை. போன ஞாயிறு உன் நினைவாக ஆடலாம் என்று ரவி சொன்னான். எங்கள் வீட்டு மாடியில் நான், பர்கூர் ரவி, தளியிலிருந்து வந்த கோவிந்தப்பா அண்ணன். நினைவு ஆட்டம் கொஞ்சம் கெத்தாக இருக்கட்டுமே என்று டோர்னமென்ட் வைத்தோம். உன் பெயரில், நீ ஒப்புக்கொள்ளாத ஆட்டம். எங்கள் புத்தியைப் பார்த்தாயா?

அண்ணன் உன்னோடு ஆடிய பழக்கத்திலேயே ஆடினார். நம் ஆட்டத்தில் பிளைண்ட், அதுதான் சீட்டைப் பார்க்கும் முன்பே முறை வைத்துப் போடும் வாஷர், ஏறவே ஏறாது. நல்ல சீட்டு வரும்வரை வந்ததைக் கவிழ்த்து விலகிக்கொண்டே இருக்கலாம். டோர்னமென்ட்டில் அது கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். மூன்றே பேர் என்றால் முறையும் சட்டென்று வந்துவிடும். சுமாரான சீட்டை வைத்தாவது மோதியாக வேண்டும். அவர் காத்திருந்தார். காத்திருந்தே கரைந்துபோனார். கடைசியில் ஒன்பதும் நாலும் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளினார். என் கையில் ஆஸும் ராஜாவும்.

நான் ஜெயித்த வாஷரை வாரிக்கொண்டிருந்தேன். அண்ணன் வழக்கம்போல டீ போட எழுந்தார்.

"டோர்னமென்ட்ணா, டீ போட்டாலும் வாஷர் கெடயாது" என்றான் ரவி.

"ஹௌதா, அப்டியா, சரி சரி" என்று சிரித்தபடி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

உன் தங்கச்சிதான் கேட்டாள். "ஏங்க, அவரு சாயங்கால பஸ்ஸுக்குத்தான போவாரு? இந்த வெயில்ல எங்க போறாரு?"

பஸ் ஸ்டாண்டில் கண்டுபிடித்தேன். அவர் கண்ணெதிரே தளி பஸ் ஒன்று புறப்பட்டுப் போனது. அவர் ஏறவில்லை.

"உங்க அண்ணி செத்தப்பறம் வீட்ல யாரு இருக்கா குமாரு? சீக்கிரம் போனா செவுத்தப் பாத்துனு இருக்கணும். அதான் இங்கயே குந்தினு இருக்கேன்" என்றார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தபடி, "ஞாயித்துக்கெழமயானா சேகரு போன் பண்ணுவான். எங்கண்ணா வந்துனு இருக்கன்னு கேப்பான். வாரத்துல எனக்கு வர்ற ஒரே போனு அது."

மச்சான், இதற்காகத்தானா அந்த டீ விதி? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சொன்னால் அண்ணன் கூசிப்போவார் என்றா? இல்லை, எனக்கே ஒருநாள் புரியும் என்றா?

கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். அதற்குள் ரவி இருபது வாஷரை எண்ணி அவர் இடத்தில் வைத்திருந்தான். சாயங்கால பஸ் நேரம்வரை ஆடினோம். அண்ணன் என்னை மொட்டையடித்துவிட்டுப் போனார். வாஷர் தீர்ந்துபோன யாருக்கானாலும் எங்களால் மறுபடி இருபது கொடுக்க முடிகிறது, உனக்கு மட்டும் முடியவில்லை. எழுதும்போதே அழுகை வருகிறது.

நாளை ஞாயிறு. காலையில் தளிக்கு நான் போன் செய்வேன். உன்னைப் போல எனக்குக் கேட்க வராது, பரவாயில்லை. நான் இருக்கும்வரை எந்த ஞாயிறும் அந்த போன் அடிக்காமல் போகாது மச்சான். சத்தியமாக.

உன் தங்கச்சி வீட்டுக்காரன்,
உன் மாப்ள
குமார்