மூன்றாம் எண் கேபினின் ஜூலை வாரம்

1987 பிப்ரவரி 9, திங்கள்

எல்மாவின் கார்டு வந்தது. ஏரிக்கரையில் ஆறு மரக் கேபின்களை வாடகைக்கு விடும் கிழவி. வருடா வருடம் இதே நீல மை: ‘மூன்றாம் எண், ஜூலை மூன்றாம் வாரம். வழக்கம்போல் உங்களுக்கா? மார்ச் ஒன்றுக்குள் எழுதவும்.’ போன வருடம் இருந்தவர்களுக்குத்தான் முதல் உரிமை. பதில் போடாவிட்டால் காத்திருக்கும் வேறு குடும்பத்துக்குப் போய்விடும். பத்து வருடமாக நான்தான் பதில் போடுகிறேன். விவாகரத்து ஆனது கார்டுக்குத் தெரியாது, பாவம். என் விலாசத்துக்கே வந்துவிட்டது.

ரொட்டிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 11, புதன்

டுவேன் ஃபோன் செய்தான், என் முன்னாள் புருஷன்.

“எல்மா கார்டு வந்துச்சா? இந்த வருஷமும் பசங்கள அங்கதான் கூட்டிட்டுப் போறேன். டார்சியும் வர்றா. அவ ஏரிக்கரையில தங்கினதே இல்லையாம்.”

இல்லையாம்! ஏரிக்குப் பஞ்சமே இல்லாத மினசோட்டாவில் பிறந்துவிட்டு ஏரிக்கரையில் தங்காதவள். அடுத்தவள் புருஷன் மட்டும் எப்படியோ கண்ணில் பட்டுவிட்டான்.

“வரல,” என்றேன்.

அந்த இடத்தைத் தேடிப் பிடித்தவள் நான். மகள் ஹைடிக்கு அப்போது ஒரு வயது. குழந்தை நடந்தால் முழங்கால் ஆழத்தைத் தாண்டாத கரை வேண்டும் என்று ஏழெட்டு இடம் பார்த்து அலைந்தேன். துருவேறிய கைப்பம்பு, கிறீச்சிடும் வலைக்கதவு, டிவி கிடையாது. “இதுக்கு நம்ம கார் கொட்டகையே தேவல,” என்று சொன்னவன் இவன். கிளம்பும் சனிக்கிழமை, தங்கியவர்களே கேபினைச் சுத்தம் செய்து கொடுக்க வேண்டும். மண்டி போட்டுத் தரையைத் துடைத்தவளும் நான்தான். சரியாக அந்த நேரத்தில் இவனுக்குப் படகைக் கட்டுகிற வேலை வந்துவிடும். பத்து வருடம்!

நான் துடைச்ச தரையில அவ நடப்பாளா? நான் படுத்த கட்டில்ல அவளா? பாத்துடலாம்.

பிப்ரவரி 12

பதில் போட்டாயிற்று. என் பெயரில். என் பெயர் மட்டும்.

ஜூலையில் பிள்ளைகள் அவனோடு இருக்க வேண்டும் என்பது நீதிபதியின் உத்தரவு. தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

மார்ச் 14, சனி

வந்தது ஃபோன்.

“இப்படியும் ஒரு வயித்தெரிச்சலா உனக்கு? ‘யாரு எழுதினாங்களோ அவங்களுக்குத்தான்’னு கெழவி ஃபோன வச்சுட்டா!”

“அது அவங்க வழக்கம் டுவேன். பத்து வருஷத்துல ஒரு தடவையாவது நீ எழுதியிருந்தா உனக்கும் தெரிஞ்சிருக்கும்.”

கத்தினான். உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே கேட்டேன். அவன் கத்தக் கத்த எனக்கு நல்ல பசி. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

நீச்சல் குளத்தில் சறுக்குமரம் வைத்த ஹோட்டலுக்குப் போகிறார்களாம். டார்சி தேர்ந்தெடுத்தது. போகட்டும். குளோரினில் ஊறட்டும்.

ஜூன் 2, செவ்வாய்

ஹைடி பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “கார்டு வரலன்னு அப்பாகிட்ட பொய் சொன்னல்ல. அது ரொட்டிப் பெட்டியில இருந்துச்சு. நான் பாத்தேன்.”

“பாத்துட்டு ஏன்டி சொல்லல?”

“நாம மூணு பேரும் போறதுக்குத்தான் ஒளிச்சு வச்சிருக்கேன்னு நெனச்சேன்.”

தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். பதினொரு வயது. அவன் செஞ்சதுக்கு நான் கேக்காம வேற யாரு கேப்பா? — இதை அவளிடம் சொல்ல முடியுமா?

ஜூலை 18, சனி

அவனுடைய காரில் பிள்ளைகளை ஏற்றிவிட்டு இங்கே வந்தேன். ஹைடி திரும்பிப் பார்க்கவில்லை. சின்னவன் நீல்தான் ஜன்னல் வழியாகக் கத்தினான்: “வாசப்படிக்குக் கீழ என் காபி டப்பா இருக்கும்மா. தூண்டில் முள்ளு, கல்லு எல்லாம் அதுலதான் இருக்கு. எடுத்துட்டு வந்துரு. இனிமே நாங்கதான் அங்க போகமாட்டமே.”

ஏழு வயதுக்கு எவ்வளவு தெளிவாகப் பேசுகிறான்.

எல்மா கேட்டாள்: “பசங்க எங்க?”

“அவங்கப்பாகூட.”

“நாலு கட்டிலுக்கும் விரிப்பு போட்டேனே,” என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. ஃபின்லாந்து வம்சம், அதிகம் பேசாத ஜனங்கள்.

ஜூலை 20

ஜெயித்தாயிற்று. கட்டில் எனக்கு, படகு எனக்கு, ஏரி எனக்கு. ஒரே ஒரு மீன் பொரித்தேன். அதுவும் மிஞ்சிவிட்டது.

ஜூலை 22

மழை. நாலாம் எண் கேபின் பிள்ளைகள் வலைக்கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு, “ஹைடி எப்ப வருவா?” என்றார்கள். நேற்றும் கேட்டார்கள்.

ஜூலை 25, சனி

காலையில் தரையைத் துடைத்தேன். ஒன்பது மணிக்கு எல்மா வந்து, குனிந்து அடுப்புக்கு அடியில் பார்த்து, “சுத்தம்,” என்றாள். நோட்டை எடுத்தாள். “அடுத்த வருஷமும் உன் பேருதானே, மார்லிஸ்?”

“இல்ல. ஹைடி, நீல்னு எழுதிக்கோங்க. யாரு கூட்டிட்டு வந்தாலும் இந்த வாரம் அவங்களோடது.”

“ஜூலைன்னா அவன்தான் வருவான். அந்தப் பொண்ணும் வரும்.”

வாய் கசந்தது. “வரட்டும்,” என்றேன். “ஆனா ஒண்ணு. சனிக்கிழமை தரைய அவன்தான் துடைக்கணும். அவ இல்ல. படகெல்லாம் அப்புறம் கட்டிக்கலாம். மண்டி போட்டுத் துடைக்கணும்.”

எல்மா பென்சிலை நாக்கில் தொட்டு அதையும் எழுதிக்கொண்டாள்.

“அடுப்புக்கு அடியிலயும்,” என்றாள்.

நீலின் டப்பாவைப் படிக்குக் கீழேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.